கிழித்தெறியாத கடிதங்கள்

சங்கம் என்பது கூடியிருக்கும் மக்கள் மட்டுமன்று. அவர்கள் கூடிப் பேசியதையும் முடிவு செய்ததையும் தாங்கி நிற்கும் ஏடுகளும் சங்கமேயாம். கூடியவர் ஒருநாள் கலைவர், மாற்றலாகி வேற்றூர் செல்வர், காலத்தால் மறைவர். ஏடு நிற்குமாயின் அவர்தம் தொண்டும் நிற்கும். ஆடவர் நடத்தும் அவைகளுக்குச் செய்தித்தாளும் அரசாங்கப் பதிவும் சாட்சியாய் அமைதல் உண்டு. பெண்மணிகள் கூடி நடத்தும் சமயச் சங்கங்களுக்கோ, அவர்களே எழுதி அவர்களே காத்து வைத்த ஏடுகளையன்றி வேறு சாட்சி பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஆதலின், அத்தகைய ஏடுகளைப் பிரித்து அடுக்குவார் கையில் பெரும் பொறுப்பு ஒன்று வந்து சேர்கிறது. எதை வைப்பது? எதைக் கழிப்பது? சங்கத்திற்குப் புகழ் தருவனவற்றை மட்டும் வைத்து, பூசலையும் கசப்பையும் காட்டும் தாள்களைக் கிழித்துவிடலாமா? இக்கேள்விக்கு, நாம் குடியேறி வாழும் இப்புனே நகரத்தோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு வரலாறு விடை பகர்கின்றது. இங்கிலாந்து நாட்டுக் கன்னிமாடம் ஒன்றில் ஒரு கட்டுக் கடிதங்களை வரிசைப்படுத்தி வைத்த துறவுச் சகோதரி ஒருவரின் வரலாறு அது. அதனை யாம் அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைப்போம்.

பண்டிதை புனே வந்தது

விடுமுறைக்குச் சென்னை செல்லும் நம்மவர் பலரும் புனேயிலிருந்து தவுண்டு வழியாகவே செல்கின்றனர். தவுண்டை அடையுமுன் கேட்காவ் என்னும் சிறு நிலையம் ஒன்று வரும். விரைவு வண்டியில் இருப்போர் அதன் பெயர்ப்பலகையைப் படிப்பதற்குள் அது கடந்துவிடும். அவ்வூரில்தான் பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி இல்லம் இருக்கிறது.

ரமாபாய் 1858ஆம் ஆண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்ணுக்கு வடமொழி கற்பித்தல் தகாது என்று ஊரார் எதிர்த்த காலத்தில் தம் மனைவிக்கு அதனைக் கற்பித்தார். அத்தாய் மகளுக்குக் கற்பித்தார். அக்குடும்பம் கோயில் கோயிலாகச் சென்று புராணம் படித்து வாழ்ந்தது. தென்னாட்டு யாத்திரையில் பஞ்சம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. 1874இல் தந்தையும் தாயும், பின்னர்த் தமக்கையும் அடுத்தடுத்து மாண்டனர். எஞ்சிய ரமாபாயும் தமையன் ஸ்ரீநிவாசரும் பெரும்பாலும் கால்நடையாகவே நாட்டைச் சுற்றி, 1878இல் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே அவர்தம் வடமொழிப் புலமையைக் கண்ட அறிஞர்கள் பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் நல்கினர்.

1880இல் தமையன் இறந்தார். அவ்வாண்டே வங்காளத்து வழக்கறிஞரான விபின் பிஹாரி மேதாவியை, வேற்றுச் சாதியினர் என்பதையும் பொருட்படுத்தாது, ரமாபாய் மணந்தார். 1881இல் மனோரமா என்னும் பெண் மகவு பிறந்தது. 1882 தொடக்கத்தில் கணவர் வாந்திபேதியால் மறைந்தார். இருபத்து நான்கு வயதும் நிரம்பாத கைம்பெண்ணாய், கைக்குழந்தையுடன் அவர் புனே வந்து, அவ்வாண்டிலேயே ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். பெண்கல்வி குறித்து ஹண்டர் கல்விக் குழுவின் முன் சாட்சியமும் அளித்தார்.

வான்டேஜ் சகோதரியர்

இங்கிலாந்தில் வான்டேஜ் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூர்த் திருச்சபைக் குருவான வில்லியம் ஜான் பட்லர் 1848இல் ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த துறவுப் பெண்டிர் சங்கம் ஒன்றை அங்கே நிறுவினார். தூய கன்னி மரியாள் சங்கம் என்பது அதன் பெயர். அச்சங்கத்துச் சகோதரியர் புனேயில் பள்ளி நடத்தியும் நோயாளரைப் பேணியும் வந்தனர். ஆங்கிலம் கற்கவும் மருத்துவம் பயிலவும் விரும்பிய ரமாபாய்க்கு அவர்தம் பழக்கம் ஏற்பட்டது.

1883இல் ரமாபாய் குழந்தையுடன் கப்பலேறி வான்டேஜ் சேர்ந்தார். ஒன்றை ஈண்டுக் கருதுதல் வேண்டும். அவர் எவரிடமும் இலவசமாகச் சோறுண்ண விரும்பவில்லை. தாம் எழுதிய 'ஸ்திரீ தர்ம நீதி' என்னும் மராட்டி நூலின் விற்பனையால் பயணச் செலவுக்குப் பணம் தேடினார். வான்டேஜில் உணவுக்கும் கல்விக்கும் ஈடாக, இந்தியா வரவிருந்த சகோதரியருக்கு மராட்டி கற்பிக்க இசைந்தார். காது மந்தமாக இருந்தமையால் மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் அவரும் மனோரமாவும் திருமுழுக்குப் பெற்றனர்.

புதிதாய்ச் சமயம் சேர்ந்த இப்பெண்மணிக்கு ஞானத்தாயாய் அமர்ந்தவர் சகோதரி ஜெரால்டைன். ரமாபாய் அவரை மராட்டி மொழியில் 'ஆஜீபாயி' என்று அழைத்தார். பாட்டியம்மா என்பது அதன் பொருள். 1884இல் ரமாபாய் செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரிக்குச் சென்று, தலைவி டொரோதியா பீல் அம்மையாரின் ஆதரவில் படித்தும் வடமொழி கற்பித்தும் வந்தார். வான்டேஜிலிருந்து பிரிந்து சென்றமையால் கடிதப் போக்குவரத்துப் பெருகிற்று. அக்கடிதங்களே நம் கட்டுரைக்குரிய பொருள்.

கடிதங்களில் உள்ளவை

ஞானத்தாயும் மகளும் எழுதிக்கொண்ட கடிதங்கள் என்றவுடன் வாழ்த்தும் வணக்கமுமே அவற்றில் நிறைந்திருக்கும் என எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. அன்புக்குக் குறைவில்லை, ஆயினும் பக்கந்தோறும் வழக்காடல் காணப்படுகிறது.

முதலாவது வழக்கு உணவு பற்றியது. சமயம் மாறிய பின்னும் ரமாபாய் மரக்கறி உணவையே கொண்டார். இது சாதிச் செருக்கின் எச்சம் என்பது சகோதரியின் கருத்து. ரமாபாய் அதற்கு விடையிறுக்கையில், ஆங்கிலப் பெண்மணி ஒருத்தி இந்தியாவில் வாழப் போய்த் தன் வழக்கங்களை மாற்றிக்கொள்ளாதிருந்தால், அவளைச் செருக்குடையவள் என்று நீங்கள் சொல்வீர்களா என்னும் கருத்துப்படக் கேட்கிறார். தமிழ்நாட்டை விட்டு வந்து, நம் சமையலையும் நம் கோலத்தையும் அயலார் நடுவே காத்து வரும் நமக்கு இவ்வினாவின் கூர்மை எளிதில் விளங்கும்.

இரண்டாவது, சிலுவையில் பொறிக்கப்பட்ட இலத்தீன் எழுத்துகளைப் பற்றியது. தாமும் தம் நாட்டாரும் அறியாத இலத்தீன் எதற்கு, வடமொழிச் சொற்களைப் பொறித்தால் ஆகாதா என்று அவர் வாதிட்டார். கடவுளை வழிபட ஐரோப்பிய மொழியும் ஐரோப்பிய உடையும் வேண்டுவதில்லை என்பது அவர் துணிபு.

மூன்றாவது வழக்கு கடுமையானது. செல்ட்டன்ஹாமில் ஆடவர்க்கும் அவர் பாடம் சொல்லலாம் என்ற பேச்சு எழுந்தபோது, இந்தியாவிலிருந்த பம்பாய், லாகூர் ஆயர்கள் அதனை மறுத்தனர். அவ்வாறு செய்தால் இந்தியாவில் அவருக்குள்ள மதிப்புக் கெடும் என்பது அவர்கள் கூற்று. ரமாபாய் திகைத்தார். தம் தாயும் தாமும் ஆடவர்க்குக் கற்பித்ததைத் தம் தந்தையோ கணவரோ தடுக்கவில்லையே. அறிவில் முன்னேறியதாகச் சொல்லும் ஆங்கிலேயர் தடுப்பது என்ன வியப்பு என்று பீல் அம்மையாருக்கு எழுதினார்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடியது அதிகாரம் பற்றிய பெருவழக்கு. திருச்சபை கூறுவதை அடங்கி ஏற்றலே ஒழுக்கம் என்றார் சகோதரி. எனக்கும் மனச்சான்று உண்டு, நானே படித்து நானே தெளிவேன் என்றார் ரமாபாய். திரித்துவம் முதலிய கோட்பாடுகளைப் பற்றியும், குழந்தை மனோரமாவுக்கு எவ்வகைச் சமயப் பாடம் புகட்டுவது என்பது பற்றியும் நீண்ட கடிதங்கள் போயின, வந்தன. முடிவில் ஒருவரையொருவர் மாற்ற இயலவில்லை. 1886 தொடக்கத்தில் ரமாபாய் அமெரிக்கா புறப்பட்டுச் சென்றார்.

தொகுத்தவரின் பெருமை

பின்னாளில் இக்கடிதங்களை ஒன்றுசேர்த்து, வரிசைப்படுத்தி, இடையிடையே தம் குறிப்புகளையும் எழுதி வைத்தவர் வேறெவருமல்லர். அதே சகோதரி ஜெரால்டைன்தான். வழக்கில் ஒரு கட்சியாய் நின்றவரே ஏடு தொகுக்கும் இடத்திலும் அமர்ந்தார். இஃது எத்துணை இக்கட்டான நிலை என்பதை அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தமக்குப் பிடிக்காத கடிதத்தை அவர் எளிதில் விலக்கியிருக்கலாம். தம்மைக் குறைகூறும் வரிகளை நீக்கியிருக்கலாம். துறவு மடத்தின் அலமாரியில் கிடந்த தாள்களைக் குறித்து அவரை எவரும் வந்து கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் நடுநிலையாளர் என்று யாம் கூறவில்லை. தம் குறிப்புகளில் அவர் ரமாபாயைக் குறை கூறுகிறார். செருக்குடையவர், தன்மனம் போன வழி செல்பவர் என்னும் கருத்துப்பட எழுதுகிறார். ஆயினும் தம் கருத்தைத் தம் குறிப்பில் எழுதினாரேயன்றி, ரமாபாயின் வாயை அடைக்கவில்லை. தம்மை மறுத்துரைத்த கடிதத்தை முழுமையாய் வைத்து, அதன் பக்கத்தில் தம் மறுப்பை வைத்தார். படிப்பவர் இருவரையும் கேட்டுத் தாமே தீர்ப்புச் செய்துகொள்ள இடம் கிடைத்தது.

அத்தொகுப்பு 1977இல் ஏ. பி. ஷா அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மகாராஷ்டிர அரசின் இலக்கிய பண்பாட்டு வாரியத்தால் நூலாக வெளிவந்தது. அதன் பின் ரமாபாயைப் பற்றி ஆராய்ந்தோர் எவரும் அதனை விட்டு நடக்க முடிந்ததில்லை. ரமாபாயின் மராட்டி எழுத்துகளை ஆங்கிலத்தில் ஆக்கி, 2000ஆம் ஆண்டில் அவர் சொற்களாலேயே அவர் வரலாற்றைக் காட்டும் நூலை வெளியிட்ட மீரா கோசாம்பி அம்மையாரும் அவ்வழி வந்தவரே. விந்தை யாதெனின், சகோதரி தம் கட்சி விளங்க வேண்டும் என்று கருதிச் சேர்த்த ஏடுகளை இன்று படிப்போர் பெரும்பாலும் ரமாபாயின் குரலைக் கேட்பதற்காகவே படிக்கின்றனர். ஏட்டைக் காத்தவர் தாம் விரும்பிய தீர்ப்பைப் பெறவில்லை. எனினும் உண்மை பிழைத்தது. இதைவிடப் பெரிய தொண்டு ஒரு தொகுப்பாளர் செய்தற்கில்லை.

ஒருவகை ஏடு போதாது

ரமாபாயின் பிற்கால வரலாறும் ஏடு காப்போர்க்கு ஒரு பாடம் கூறுகிறது. 1887இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய உயர்சாதி இந்துப் பெண்ணைப் பற்றிய நூல் அமெரிக்காவில் பரவிற்று. அவ்வாண்டு இறுதியில் பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் நிறுவப்பட்டு, பத்தாண்டுகளுக்குப் பொருளுதவி செய்வதாக உறுதி கூறிற்று. அதனைக் கொண்டு 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் இளங் கைம்பெண்களுக்காகச் சாரதா சதனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டில் அது புனேக்கு மாறிற்று.

1893இல் பெரும் புயல் எழுந்தது. அங்குள்ள பெண்கள் கிறித்தவ சமயத்திற்கு இழுக்கப்படுகின்றனர் என்ற குற்றச்சாட்டுப் புனே முழுவதும் பேசப்பட்டது. ஆலோசனைக் குழுவில் இருந்த ரானடேயும் பண்டார்கரும் விலகினர். பல பெற்றோர் தம் பெண்களை அழைத்துக்கொண்டனர். இச்செய்தியைப் பாஸ்டன் சங்கத்தின் அச்சிட்ட ஆண்டறிக்கைகளில் மட்டும் படிப்பவர் ஒரு கதையை அறிவார். திலகரின் 'கேசரி'யில் மட்டும் படிப்பவர் வேறொரு கதையை அறிவார். உள்ளே படித்த பெண் என்ன கண்டாள் என்பதை அறிய மூன்றாவது சாட்சி வேண்டும்.

அச்சாட்சியும் நல்வினையால் கிடைத்துள்ளது. சாரதா சதனத்தில் தொடக்கத்திலேயே சேர்ந்து படித்த கைம்பெண் கோதுபாய், 1893இல் தோண்டோ கேசவ கார்வே அவர்களை மறுமணம் செய்து ஆனந்திபாய் கார்வே ஆனார். 1896இல் கைம்பெண் இல்லமும், 1916இல் பெண்கள் பல்கலைக்கழகமும் நிறுவிய கார்வே அவரே. 1958இல் பாரத ரத்னா பட்டம் பெற்றவரும் அவரே. ஆனந்திபாய் அம்மையார் மராட்டியில் தம் வரலாற்றை எழுதி 1944இல் வெளியிட்டார். ஆண்டறிக்கை ஒன்று, செய்தித்தாள் ஒன்று, மாணவியின் நினைவு ஒன்று: மூன்றையும் ஒருங்கு வைத்தால்தான் சாரதா சதனம் நம் கண்முன் நிற்கிறது.

பின்னர் 1896–97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களிலிருந்து நூற்றுக்கணக்கான பெண்களை ரமாபாய் மீட்டு வந்தார். தம் இளமையில் பஞ்சத்தால் பெற்றோரைப் பறிகொடுத்தவர் அவர் என்பதை நினைவில் கொண்டால், அவ்வேகத்தின் காரணம் விளங்கும். அப்பெண்களுக்காகக் கேட்காவில் முக்தி இல்லம் எழுந்தது. அங்கே தறியும் அச்சுக்கூடமும் இயங்கின. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் அங்கேயே மறைந்தார்.

நம் பெட்டியும் நாமும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் சங்கத்து மாதர் பஜனைக் குழுவும் பெண்மணிகள் கூடி நடத்தும் சமயச் சங்கமே. வெள்ளிக்கிழமைப் பஜனை, மார்கழித் திருப்பாவை, நவராத்திரிக் கொலு, திருவிளக்குப் பூசை ஆகியவற்றோடு, பிடியரிசி சேர்த்து ஏழைகளுக்கு அன்னமிடுதலையும் அவர்கள் நெடுங்காலமாக நடத்தி வந்துள்ளனர். அவர்தம் நோட்டுப் புத்தகங்கள் தகரப்பெட்டி ஒன்றில் கிடந்தன. மண்டபத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியபோது, அவற்றைப் பார்த்துப் பட்டியல் எழுதித் தருமாறு சங்கம் எம்மைப் பணித்தது.

பெட்டியில் வரவு செலவுக் கணக்குகள் உள்ளன. பஜனைப் பாட்டு வரிசைகள் உள்ளன. கூட்டக் குறிப்பேடுகளும் உள்ளன. குறிப்பேடு ஒன்றில், கைம்பெண்ணான ஓர் அம்மாள் திருவிளக்குப் பூசையில் தாமும் விளக்கேற்றி அமரலாமா என்று கேட்டதும், அது கூடாதென்று முடிவானதும் எழுதப்பட்டிருக்கின்றன. சில பக்கங்கள் தள்ளி, வேறொரு கையெழுத்தில், விருப்பமுள்ள எல்லாப் பெண்மணிகளும் அமரலாம் என்ற தீர்மானம் காணப்படுகிறது. இரண்டுக்கும் இடையே காரசாரமான வாதம் நடந்திருக்கிறது. யார் யார் எவ்வாறு பேசினர் என்பதும் பெயரோடு பதிவாகியுள்ளது.

இப்பக்கங்களைக் கிழித்துவிட்டு மற்றவற்றைக் காக்கலாம் என்று பெரியோர் சிலர் கூறுகின்றனர். மறுத்துப் பேசிய அம்மாள்மார்களின் மக்களும் பேரர்களும் இன்றும் நம் காலனியில் வாழ்கின்றனர். அவர்கள் மனம் நோகலாகாது என்பது அவர்தம் நல்லெண்ணம். அவ்வெண்ணத்தை யாம் மதிக்கிறோம். ஆயினும் அம்முடிவை ஏற்க எம் மனம் இசையவில்லை.

முதற் பக்கத்தைக் கிழித்தால் பின்வந்த தீர்மானத்தின் அருமை எவருக்கும் தெரியாது போகும். இன்று எல்லாரும் ஒருங்கே அமர்ந்து விளக்கேற்றுவதைக் காணும் நம் பெண்குழந்தைகள், இஃது என்றும் இவ்வாறே இருந்தது என்று எண்ணிவிடுவர். ஒருவர் கேட்டார், மறுக்கப்பட்டார், மீண்டும் கேட்டார், பின் கூட்டமே மனம் மாறிற்று என்னும் உண்மை மறையும். கேட்டவரின் துணிவும் மறையும். மனம் மாறியவர்களின் பெருந்தன்மையும் மறையும். முதலில் மறுத்தோரும் பின்வந்த தீர்மானத்திற்குக் கையுயர்த்தினர் என்பது அவ்வேட்டிலேயே இருக்கிறது. அவர்களுக்குப் பெருமை தரும் அச்செய்தியையும் அல்லவோ நாம் கிழிக்கப் பார்க்கிறோம்!

அலுவலகப் பதிவறைகளில் இன்ன தாளை இத்தனை ஆண்டு வைத்துப் பின் அழிக்கலாம் என்ற விதி உண்டு. அவ்விதி சரக்குச் சீட்டுக்குப் பொருந்தும். மனிதர் மனம் மாறிய வரலாற்றுக்குப் பொருந்தாது. யாருக்கேனும் உள்ளபடியே மனக்குறை உண்டாகுமெனில், குறிப்பிட்ட ஏட்டைக் கட்டி முத்திரையிட்டு, இன்ன ஆண்டுவரை திறக்கலாகாது என்று மேலே எழுதி வைக்கலாம். மூடி வைத்ததைப் பின்னர்த் திறக்கலாம். கிழித்ததை ஒட்ட இயலாது.

செய்யத்தக்கவை

ஏடுகளைக் காக்கும் முறை கடினமன்று. அவை எந்த வரிசையில் கிடைத்தனவோ அவ்வரிசையை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வரிசையே சில வேளைகளில் செய்தி சொல்லும். துருப்பிடித்த குண்டூசிகளையும் இற்றுப்போன ரப்பர் வளையங்களையும் மெல்ல நீக்க வேண்டும். கிழிசலுக்குப் பசை நாடா ஒட்டலாகாது. நாளடைவில் அது மஞ்சளித்துத் தாளையும் கெடுக்கும். மழைக்கால ஈரமும் கறையானும் இராமபாணப் பூச்சியும் தாளுக்குப் பகைவர். ஆகவே பெட்டியைத் தரையிலும் சுவரோரத்திலும் வையாது, காற்றோட்டமுள்ள உயர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பக்கந்தோறும் கைப்பேசியிற் படமெடுத்து, அப்படியினை இரண்டு இடங்களில் காத்தல் நலம். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிட்ட பட்டியல் ஒன்று வேண்டும். பட்டியலில் ஏறிய ஏடு எளிதில் காணாமற்போகாது.

மற்றொரு வேண்டுகோள். வீடுகளில் நம் அன்னையரும் பாட்டிமாரும் எழுதிய கடிதங்களும், சங்க நிகழ்ச்சி பற்றிய குறிப்புகளும் இருக்கக்கூடும். கூட்டக் குறிப்பேடு முடிவை மட்டும் கூறும். வீட்டுக் கடிதம் அம்முடிவின் பின்னிருந்த மனத்தைக் கூறும். அவற்றைப் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுமுன் ஒருமுறை சங்கத்தாரிடம் காட்டுமாறு ஒவ்வொரு குடும்பத்தையும் வேண்டுகிறோம். முதிய அம்மாள்மார்கள் நினைவிலுள்ளவற்றைச் சொல்ல, இளையோர் எழுதிக்கொள்வதும் பெரும்பயன் தரும்.

வான்டேஜ் சகோதரிக்கும் நமக்கும் நாடு வேறு, சமயம் வேறு, காலமும் வேறு. ஆயினும் தம்மோடு மாறுபட்டவரின் சொல்லையும் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிக் காத்த அவர்தம் நேர்மை எல்லார்க்கும் பொது. மாறுபட்டு நின்றவர் இருவர் பேச்சும் ஒரு கட்டில் கிடந்ததனால்தான் அவ்வரலாறு இன்று நம் கைக்கு எட்டிற்று. நம் மாதர் குழுவின் ஏடுகளும், ஒரு பக்கமும் குறையாமல், நம் பேத்தியர் கைக்குச் சென்று சேர்வனவாக. வரும் பொதுக்கூட்டத்தில் இதற்கெனத் தீர்மானம் ஒன்று கொணரப்படும். அன்பர்களும் அன்னையரும் திரளாக வந்திருந்து ஆதரவு நல்கும்படி பணிவுடன் வேண்டுகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!